சக்கர நாற்காலியுடன் பயணம்: வண்டியை மாற்றும் முன்

சக்கர நாற்காலியிலுள்ள உம்மாவையும் அழைத்துச் செல்ல, உயரமான ஜீப் வகை வண்டியை மாற்றியமைக்க நினைக்கிறீர்களா? முதலில் அதன் தள உயரத்தை அளந்து பாருங்கள். கட்டடங்களில் சாய்தளத்தின் அளவு 1:12. தளம் 60 செ.மீ. உயரமிருந்தால், அந்தக் கணக்கில் 7.2 மீட்டர் சாய்தளம் வேண்டும். அதை வண்டியில் வைக்க முடியாது. குட்டைப் பலகையில் ஏற்றினால் நாற்காலி பின்னால் கவிழக்கூடும். எனவே லிஃப்ட் பொருத்துவதே நல்லது. அது ஆளோடு நாற்காலியின் எடையையும் தாங்க வேண்டும்.

உள்ளே நாற்காலி முன்நோக்கி இருக்கட்டும். அதன் சட்டத்தை நான்கு பட்டைகளால் தளத்தோடு இறுக்குங்கள். அவை நாற்காலியை மட்டுமே பிடிக்கும். அமர்ந்திருப்பவருக்கு இடுப்பையும் தோளையும் பிடிக்கும் சீட் பெல்ட் தனியாக வேண்டும். 'பக்கத்து ஊர்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களுக்குப் பொருந்தும். வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.