அசைபடக் கலையில் ஆவண ஒழுங்கு

பழைய நிழற்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இணைத்து அசைபடம் ஆக்கும் கலை இன்று கணினியின் வாயிலாக மாணவர் கைக்கும் எட்டியுள்ளது. 1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், 2004 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மோஷன் ஆகியன இத்துறையிற் பெயர்பெற்ற மென்பொருள்கள். அவற்றின் விந்தைகளைக் கற்க விழைவோர் பலர். அவற்றுள் இடப்படும் பொருள்களை ஒழுங்குசெய்யக் கற்போர் சிலரே. கல்லூரி வரலாற்றை அசைபடமாக்க விரும்புவோர்க்கு இவ்வொழுங்கே அடிப்படையாதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

துறைமுக நகரத்தாராகிய நமக்கு இதனை விளங்கிக்கொள்ளல் எளிது. கப்பலிலிருந்து இறங்கிய சரக்குப் பண்டசாலையில் இருக்கும். அலுவலகப் பேரேட்டில் உள்ளது சரக்கன்று. அது வைக்கப்பட்ட இடத்தின் குறிப்பேயாம். மேற்கூறிய மென்பொருள்களின் பட்டியலும் அத்தகையதே. நாம் ஒரு படத்தைச் சேர்க்கும்போது, மென்பொருள் பொதுவாக அதனைத் தன்னுள் வாங்கிக்கொள்வதில்லை. அது கணினியில் இருக்கும் இடத்தையே குறித்துக்கொள்கிறது. பின்னர் அப்படத்தை வேறிடத்திற்கு மாற்றினாலும், அதன் பெயரை மாற்றினாலும் தொடர்பு அறுந்துபோதல் கூடும். அப்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் படத்திற்குப் பதிலாகப் பல்வண்ணப் பட்டைகளே தோன்றும்.

இவ்விடரைத் தவிர்க்கும் வழிகள் நான்கு.

முதலாவது, வேலை தொடங்குமுன் ஒரு தாய்க் கோப்புறை அமைத்து, அதனுள் நிழற்படம், ஒளிப்பதிவு, ஒலி, எழுத்துரு என வகுத்து வைத்தல். மூலப்படத்தை என்றும் திருத்தாது, அதன் பிரதியிலேயே வேலை செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயரிடும் முறை. ஆண்டு, பொருள், வரிசையெண் என அமைப்பின், ‘1964_சூறாவளி_003’ என்பதுபோல, படங்கள் தாமே கால வரிசையில் நிற்கும்.

மூன்றாவது, குறிப்பெழுதல். அடோபி பிரிட்ஜ் போன்ற மென்பொருளில் படங்களைச் சிற்றுருவாகப் பார்வையிடலாம். விளக்கத்தையும் தேடுசொற்களையும் படக்கோப்புடனேயே பதிந்து வைக்கலாம்.

நான்காவது, வேலை முடிந்தபின் பயன்பட்ட கோப்புகள் யாவற்றையும் திரட்டி ஓரிடத்திற் சேர்க்கும் கட்டளையைப் பயன்படுத்தல். அவ்வாறு சேர்த்தவற்றுக்கு மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறூரில் வைத்தல் நன்று.

இந்நான்கனுள் மூன்றாவதே தாமதத்தைப் பொறாதது. 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1964 டிசெம்பரிற் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தது. இடையே நீண்ட போர்க்காலம். இவ்வளவிற்கும் தப்பி ஒரு வகுப்புப் படம் ஒரு வீட்டுப் பெட்டியுள் இருக்குமாயின், அதிலுள்ளோர் யாவர்? எந்த ஆண்டு? எந்த மண்டபத்தின் முன் நிற்கின்றனர்? மென்பொருள் ஒத்த முகங்களை ஒன்றுதிரட்டித் தரலாம்; பெயரை முதலிற் சொல்ல வேண்டியவர் அறிந்த மனிதரே. அவர் மறைந்தபின் படம் எஞ்சினும், அதன் பொருள் எஞ்சாது. பெயரில்லாப் படம் தேடுவோர்க்கு அகப்படாது.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிட்டு, தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் குறித்து, எவரும் தேடிப் படிக்குமாறு இணையத்தில் வைத்துள்ளது. ஒழுங்கின் பயனுக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

ஆதலின் பழைய மாணவர்காள், உங்கள் பெட்டிகளைத் திறவுங்கள். இளைய மாணவர் படங்களைக் கணினியில் ஏற்றட்டும். மூத்தோர் அருகமர்ந்து பெயர்களைச் சொல்லட்டும். அசைபடம் பின்னரும் ஆக்கலாம். பெயர்களை இன்றே எழுதுதல் வேண்டும்.