மனநல ஆலோசகரிடம் போகுமுன்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினப் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். அப்படியொரு காயத்தோடு வரும் பிள்ளையிடம் "எல்லாத்தையும் மறந்துரு தம்பி" என்பது சிகிச்சையே ஆகாது. இது சாதியால் வந்த வலி என்று ஒத்துக்கொள்ளும் ஆலோசகரைத் தேடுங்கள். "சாதிக் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளை முன்னாடி பார்த்திருக்கீங்களா சார்?" என்று முதல் நாளே கேட்டுவிடலாம். பேச்சு சாதியைத் துருவும் விதமாக "எந்தத் தெரு?" என்று திரும்பினால் பதில் சொல்லக் கட்டாயமில்லை, ஆளை மாற்றுங்கள். மனநலச் சிகிச்சையில் சாதி, மதம், பாலினம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது.

நெல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடுராத்திரியில் மனம் கனத்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.