எளிய உரைக் கோப்புகளில் இணைகுறிப்புகள்

கொண்டைக்கடலையைத் தாக்கும் வாடல் நோயின் பூசணம், அப்பயிர் இல்லாத காலத்திலும் பல ஆண்டுகள் மண்ணிலேயே தங்கியிருக்க வல்லது. ஆகவே இவ்வாண்டு ஒரு வயலில் நோய் கண்ட களப்பணியாளர், அதே வயலைப் பற்றித் தாமோ தமக்கு முன்னிருந்தவரோ என்றோ எழுதிய குறிப்பைத் தேட வேண்டியவராகின்றார். எழுதியிருந்தும் அகப்படாத குறிப்பினால் யாது பயன்?

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமான் (1927–1998) ஏறத்தாழ 90,000 காகிதச் சீட்டுகளில் குறிப்பெழுதி, ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண்ணிட்டு, ஒரு சீட்டில் மற்றொன்றின் எண்ணைக் குறித்து வைத்தார். இம்முறையைக் கணிப்பொறியிலும் கையாளலாம். இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டுவதில்லை; ஓர் உரைத் திருத்தியும் கட்டளை வரியும் போதும்.

ஒரு செய்திக்கு ஒரு கோப்பு என்பது விதி. எழுதத் தொடங்கிய ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றைத் தொடர்ந்தெழுதிய எண்ணே கோப்பின் பெயராகும். 2024 டிசம்பர் 5ஆம் நாள் காலை 9.30 மணிக்கு எழுதிய வாடல் நோய்க் குறிப்பின் பெயர் 202412050930. தலைப்பைக் கோப்பின் முதல் வரியில் எழுதுக. அவ்வயலின் பயிர்ச் சுழற்சியைக் கூறும் பழைய குறிப்பு 201910210815 எனில், புதிய குறிப்பினுள் அவ்வெண்ணை எழுதி, தொடர்பின் காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் இணைப்பு முடிந்தது. காரணம் எழுதாத இணைப்பு பின்னாளில் எழுதியவருக்கே விளங்குவதில்லை. விம் என்னும் திருத்தியில் அவ்வெண்ணின்மீது சுட்டியை நிறுத்தி, ஜி, எஃப் என்னும் விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால் பழைய கோப்பு திறக்கும்.

இனி, பழைய குறிப்பைச் சுட்டும் கோப்புகள் எவை என்று அறிவதற்கு, யூனிக்ஸில் 1973 முதல் வழங்கி வரும் கிரெப் கட்டளை உதவும். அதனை அடுத்துச் சிறுகோடிட்டு, சிற்றெழுத்தில் ஆர், எல் என்னும் குறிகளையும், பின்னர்த் தேடும் எண்ணையும் கோப்புறையின் பெயரையும் தந்தால், அவ்வெண் இடம்பெற்ற கோப்புகளின் பெயர்கள் யாவும் திரையில் தோன்றும்.

தமிழில் எழுதுவோர் தலைப்பை விடுத்து எண்ணையே இணைப்பாகக் கொள்வதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிரெப்புக்கோ அவை வெவ்வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த ‘கொண்டைக்கடலை’யை மற்றொன்றில் பதிந்து தேடுங்கால், கோப்பு இருந்தும் விடை வராது போகலாம். ‘ஔ’வுக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துப் பதியும் வழக்கமும் இத்தகைய தொல்லையே. சொல்லைக் கொண்டு தேடியே ஆக வேண்டுமெனில், ஐயத்திற்குரிய எழுத்தை விடுத்து, ‘ண்டைக்கடலை’ என்று தேடுக.

ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளையும் மாணவர் எழுப்பிய வினாக்களையும் இவ்வாறே பிணைக்கலாம். தலைப்பு எத்தனை முறை வேண்டுமாயினும் திருத்தப்படலாம். எண்ணை மட்டும் மாற்றலாகாது. கோப்புறைக்கு மாதந்தோறும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும்; மாற்றலாகிச் செல்பவர் அப்படியைப் பின்வருபவரிடம் ஒப்படைக்கலாம்.