சென்ட்ஓஎஸ் நின்றுவிட்டது: இனி எந்த லினக்ஸ்?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டிலோ கடையிலோ சர்வராக வைத்து, எல்லா பைல்களையும் அதில் சேமிப்பவர்கள் உண்டு. அதில் சென்ட்ஓஎஸ் லினக்ஸ் இருந்தால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

ரெட் ஹேட் நிறுவனம் கட்டணத்துக்குத் தரும் என்டர்பிரைஸ் லினக்ஸின் சோர்ஸ் கோடைக் கொண்டு உருவாக்கப்பட்டது சென்ட்ஓஎஸ். 2004 முதல் இலவசமாகக் கிடைத்து வந்தது. இதன் 8-ம் பதிப்பு 2021 டிசம்பர் 31 அன்றும், 7-ம் பதிப்பு 2024 ஜூன் 30 அன்றும் முடிவுக்கு வந்தன. சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்பது வேறு. ரெட் ஹேட்டின் அடுத்த வெளியீட்டில் வரவிருக்கும் மாற்றங்கள் அதில் முன்கூட்டியே வரும்.

"சர்வர் நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் மாற்ற வேண்டும்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அப்டேட் வராது. திருடனிடம் சாவி போன பிறகும் அதே பூட்டைத் தொங்கவிடுவது போலத்தான் இது.

சரி, எதற்கு மாறலாம்?

1. அல்மாலினக்ஸ்: 2021 மார்ச்சில் வெளிவந்தது. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று இதை நடத்துகிறது.

2. ராக்கி லினக்ஸ்: சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகோரி குர்ட்சர் ஆரம்பித்தது. 2021 ஜூனில் வந்தது.

இவை இரண்டும் சென்ட்ஓஎஸ் குடும்பம். நீங்கள் பழகிய கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டின் 9-ம் பதிப்புக்கும் 2032 மே வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

3. டெபியன்: 1993-ல் தொடங்கியது. தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. ஒரு பதிப்புக்குச் சுமார் 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்கும். சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும் கட்டளைகளைப் புதிதாகக் கற்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், நீங்கள் பயன்படுத்தும் சாப்ட்வேர் எந்த லினக்ஸுக்குத் தரப்படுகிறது? ரெட் ஹேட்டுக்கு என்றிருந்தால் முதல் இரண்டில் ஒன்றே நல்லது.

இரண்டாவது, பிராசசர். கோர் 2 டுயோ போன்ற பழைய பிராசசர்களில் அல்மா, ராக்கி ஆகியவற்றின் 9-ம் பதிப்பு இயங்காது. 64 பிட் டெபியன் இயங்கும்.

மூன்றாவது, அப்டேட் நிற்கும் தேதி. நான் எந்த லினக்ஸை இன்ஸ்டால் செய்தாலும் இதைத்தான் முதலில் பார்ப்பேன். புதிய வசதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தேதியை ஒரு சீட்டில் எழுதி சர்வர் மீது ஒட்டி வையுங்கள்.

மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதீர்கள். பைல்களை பேக்கப் எடுத்து, அவை திறக்கின்றனவா என்று சோதியுங்கள். அதன்பின் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, வேறு டிஸ்க்கில் புதிய லினக்ஸை இன்ஸ்டால் செய்யுங்கள். சில வாரங்கள் சிக்கலின்றி ஓடிய பிறகு பழையதை என்ன செய்வது என்று முடிவு செய்யலாம்.