நுண்ணலைப் பிளாஸ்மாவும் அதன் தொழிற் பயன்களும்

ரசாயன மாறுதலை விரைவுபடுத்த விரும்பினால் பொருளைச் சூடேற்றுவதே தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் எளிதில் இளகும் பிளாஸ்டிக் தாளையோ, நுண்ணிய மின்சுற்றுகள் அமைந்த சிலிக்கன் வில்லையையோ மிகுதியாகச் சூடேற்ற இயலாது. பொருளின் உட்பகுதி கெடாமல், மேற்பரப்பில் மட்டும் கடும் உஷ்ணத்துக்குரிய ரசாயன வினைகளை நிகழ்த்த முடியுமா? குறைந்த அழுத்தத்தில் நுண்ணலைகளால் உண்டாக்கப்படும் பிளாஸ்மா இதற்கு வழிசெய்கிறது.

வாயுவின் அணுக்களுள் சில எலெக்ட்ரான்களை இழந்து, அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலையே பிளாஸ்மா எனப்படும். இப்பெயரை 1928-இல் வழங்கியவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மூர்.

கருவியின் அமைப்பு

குவார்ட்ஸ் கலம் ஒன்றிலிருந்து காற்றை வெளியேற்றி, வேண்டிய வாயுவைச் சிறிதளவு செலுத்துவர். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் உள்ளது போன்ற மாக்னெட்ரான் குழல் நுண்ணலைகளைத் தருகிறது. இவற்றின் மின்புலம் விநாடிக்கு 245 கோடி அதிர்வுகள் கொண்டது. இத்துணை விரைவான மாற்றத்துக்கு எலெக்ட்ரான்களே ஈடுகொடுக்கின்றன. கனமான அயனிகள் ஏறக்குறைய அசையாதிருக்கின்றன. கலத்தினுள் மின்முனைகள் தேவையில்லாமையால், அவற்றின் உலோகம் தேய்ந்து பொருளை மாசுபடுத்தும் இடரும் இல்லை.

அழுத்தத்தின் பங்கு

ஆக்ஸிஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிட ஏறக்குறைய 58,000 மடங்கு கனமானது. இரும்புக் குண்டின்மீது கடுகு மோதினால் குண்டு எவ்வளவு அசையும்? அதுபோல, ஒரு மோதலில் வாயுவுக்குச் செல்லும் வெப்பம் மிகச் சிறிது. அழுத்தம் குறைவாயின் மோதல்களும் குறைவு. ஆகவே எலெக்ட்ரான்களின் உஷ்ணநிலை 10,000 டிகிரியைத் தாண்டியிருக்க, வாயுவோ அதனினும் மிகக் குளிர்ந்திருக்கிறது. வேகமிக்க எலெக்ட்ரான்கள் மூலக்கூறுகளைப் பிளந்து, வினைத்திறன் மிக்க தனி அணுக்களை விடுவிக்கின்றன.

மேற்பரப்பைப் பண்படுத்தல்

பாலிஎதிலீன் தாளில் அச்சு மை நன்கு ஒட்டாது. 1 மி.மீ. பாதரச அளவை ஒட்டிய அழுத்தத்தில் ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் சிறிது நேரம் வைத்தால், மேற்பரப்பில் ஆக்ஸிஜன் கொண்ட ரசாயனத் தொகுதிகள் தோன்றுகின்றன. மையும் பசையும் உறுதியாகப் பற்றுகின்றன. இம்மாறுதல் மிக மெல்லிய மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. எனினும் நாட்கள் செல்லச் செல்ல இப்பண்பு குன்றும் ஆதலின், அச்சிடுதலைத் தாமதிக்கலாகாது.

மின்னணுத் தொழிலில், சிலிக்கன் வில்லைமேல் எஞ்சிய ஒளியுணர் பூச்சை அமிலக் கரைசலால் கழுவுவதற்குப் பதிலாக, ஆக்ஸிஜன் அணுக்களால் நீக்கலாம். பூச்சு பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறி வெளியேறுகிறது.

வைர வளர்ப்பு

அழுத்தத்தை 100 மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் மோதல்கள் பெருகி, வாயுவும் கடுமையாகச் சூடேறும். பிளாஸ்டிக்குக்கு இது நாசம்; வைரத்துக்கோ அனுகூலம். ஹைட்ரஜனுடன் சிறிது மீத்தேன் கலந்த பிளாஸ்மாவில் வைரப் படலம் வளர்வதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1983-இல் வெளியிட்டனர். ஹைட்ரஜன் அணுக்கள் கிராபைட்டை விரைந்து அரித்து, வைரத்தை நிலைக்கவிடுகின்றன.

வைரத்தைப் பட்டை தீட்டுவதில் நம் நாடு முன்னணியில் உள்ளது. எனினும் வளர்ப்புக்கு வேண்டிய கருவிகளையும் விதைப் படிகங்களையும் இறக்குமதி செய்யும் நிலை இருந்தால் தொழிலின் ஆதாயம் குறையும். இவற்றை உள்நாட்டிலேயே உருவாக்கும் ஆராய்ச்சிக்கு 2023-இல் மத்திய அரசு ஐந்தாண்டு மானியம் அறிவித்தது. அப்பணி சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

வெற்றிடப் பம்புகளின் விலையும், கலத்தை ஒவ்வொரு முறையும் காலிசெய்ய ஆகும் நேரமும் இம்முறையின் குறைகள். எனவே தொழில் முனைவோர், தம் பொருள் எவ்வளவு உஷ்ணம் தாங்கும் என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ப அழுத்தத்தைத் தேர்ந்து, பின்னரே செலவைக் கணக்கிடுதல் நன்று.