மின்படகு டியூனிங்: வேகமும் பிடிமானமும்

70 செ.மீ. நீளமுள்ள ரிமோட் மின்படகு, மணிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. வேகம் வரை கப்பலைப் போலத் தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால், தானே எழுப்பிய அலையின் மீது ஏறி, அடிப்பாகத்தின் பின்பகுதி மட்டும் நீரில் பட வழுக்கி ஓட வேண்டும். அப்போது படகைத் தாங்குவது உள்ளங்கையளவு பரப்புதான். அந்தப் பரப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் படகு துள்ளும், சாயும், அல்லது மூக்கைப் புதைத்துக்கொள்ளும். ஆகவே டியூனிங் மோட்டாரில் தொடங்குவதில்லை. அடிப்பாகம், எடைச் சமன், தண்டு, புரொப்பெல்லர், சுக்கான் என்று வரிசையாகச் சரிசெய்த பிறகே வோல்டேஜைக் கூட்ட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் படகு வேகமாகக் கவிழும்.

இடமும் நேரமும்

வடசென்னை மூலக்கொத்தளத்தில் படகு கட்டுபவருக்குப் பொருள் எளிதில் கிடைக்கும். ஓட்டத் தண்ணீர்தான் கிடைக்காது. மின்னணுப் பாகங்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. ஃபைபர் படகுகள் பழுதுபார்க்கப்படும் காசிமேட்டுப் பக்கத்தில் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் புழங்குகின்றன. ஆனால் அருகிலுள்ள கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் கழிவுநீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஓடுபவை. ஒரு பாலித்தீன் பை தண்டில் சுற்றினால் போதும், மோட்டார் நின்று ஸ்பீடு கன்ட்ரோலர் எரிந்துவிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஆட்கள் வேலை செய்யும் இடம். கூரான உலோகப் புரொப்பெல்லருடன் பாயும் படகுக்கு அங்கே இடமில்லை. புழல் ஏரி குடிநீருக்கானது. எண்ணூர்க் கழிமுகத்தில் உப்பும் ஓதமும் உண்டு. உரியவரிடம் அனுமதி பெற்ற உள்நாட்டுக் குளமே ஏற்றது. நேராக 100 மீட்டராவது ஓட இடமும், கரையில் ஆட்கள் இல்லாத ஒரு பக்கமும் வேண்டும்.

சோதனைக்கு விடிகாலையே சிறந்த நேரம். கடற்காற்று எழும்பிய பிறகு நீர்ப்பரப்பில் சிற்றலை வந்துவிடும்; படகின் துள்ளலுக்குக் காரணம் அலையா எடையா என்று பிரித்தறிய முடியாது.

அடிப்பாகம்

முதலில் படகைக் கவிழ்த்து, இரும்பு ஸ்கேலை அடிப்பாகத்தின் மீது நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். படகு மிதக்கும் நிலையில், அமரத்துக்கு (பின்முனைக்கு) அருகே பரப்பு கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது பின்புறத்தைத் தூக்கி, அணியத்தை (முன்முனையை) நீருக்குள் அழுத்தும். மேல்நோக்கி வளைந்திருந்தால் படகு குதிரை போலத் துள்ளிக்கொண்டே போகும். கடையில் வாங்கும் படகுகளிலும் இந்த இரண்டு குறைகளும் வருவதுண்டு. பள்ளத்தை எபாக்ஸி பூசி நிரப்பலாம். மேட்டை, தட்டையான கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் தேய்க்கலாம். விரலால் தேய்த்தால் பரப்பு அலையலையாகிவிடும்.

பளபளப்பை விட விளிம்பின் கூர்மை முக்கியமானது. அடிப்பாகமும் பின்சுவரும் சந்திக்கும் விளிம்பு கத்திபோல் இருந்தால் நீர் அங்கே விட்டுப் பிரியும். விளிம்பு உருண்டிருந்தால் நீர் சுவரைச் சுற்றி மேலேறிப் படகைப் பின்னிழுக்கும். பக்கவாட்டு விளிம்புகளுக்கும் இது பொருந்தும்.

எடைச் சமன்

ஒற்றை உடல் கொண்ட வி-வடிவப் படகில், பேட்டரி உட்பட எல்லாம் ஏற்றிய நிலையில், எடைமையம் பின்சுவரிலிருந்து உடல் நீளத்தின் சுமார் 30 சதவீதத்தில் இருப்பது நல்ல தொடக்கம். 70 செ.மீ. படகில் அது 21 செ.மீ. இரு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கி இதை அளக்கலாம். எடை மிக முன்னால் இருந்தால் படகு நனைந்தபடி மெதுவாக ஓடும். மிகப் பின்னால் இருந்தால் துள்ளும். எதிர்க்காற்றில் அணியம் தூக்கி மல்லாந்துவிடும். மீன்பிடி ஃபைபர் படகில் ஐஸ் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் இதே விளைவுதான். ரிமோட் படகில் அந்தப் பெட்டியின் இடத்தில் பேட்டரி இருக்கிறது. அதை வெல்க்ரோ பட்டையில் வைத்து, ஒரு முறைக்கு 5 மி.மீ. மட்டும் நகர்த்திச் சோதிக்க வேண்டும்.

பக்கவாட்டுச் சமனும் தேவை. பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுழன்றால், எதிர்விசையால் படகு இடப்பக்கம் சாயும். பேட்டரியைச் சற்று வலப்பக்கம் தள்ளியோ, பின்சுவரின் இடப்பக்க டிரிம் தகட்டை மிகச் சிறிதளவு கீழிறக்கியோ இதைச் சரிசெய்யலாம்.

தண்டும் தாங்கியும்

மோட்டாரிலிருந்து புரொப்பெல்லருக்குச் சக்தியைக் கொண்டுபோகும் வளையும் கம்பித் தண்டு, சுமை ஏறும்போது முறுக்கிக்கொண்டு நீளத்தில் சற்றுக் குறையும். அதனால் தண்டின் பின்முனையைப் பிடித்திருக்கும் தாங்கிக்கும் புரொப்பெல்லரைப் பிடிக்கும் பகுதிக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, மோட்டார் சூடாகும். காரணம் வெளியே தெரியாது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் எங்கும் சிக்காமல் சுழல வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் தண்டை உருவித் துடைத்து, மறுபடி கிரீஸ் தடவ வேண்டும்.

தாங்கியின் கோணத்தை முதலில் அடிப்பாகத்துக்கு இணையாக வைக்க வேண்டும். புரொப்பெல்லர் முனையைக் கீழே சாய்த்தால் உந்துவிசை பின்புறத்தைத் தூக்கும், அணியம் தாழும்; மேலே சாய்த்தால் அணியம் எழும். வி-படகில் தண்டின் மையம் அடிப்பாகத்தின் மிகத் தாழ்ந்த கோட்டை ஒட்டி இருப்பது பொதுவான தொடக்கம். அப்போது புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி நீரிலும் மேல்பாதி காற்றிலும் சுழலும். படகு இடவலமாக ஆடிக்கொண்டே ஓடினால் தாங்கியை ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பார்க்கலாம். அல்லது எடையை முன்னால் கொண்டுவரலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது.

புரொப்பெல்லர், மோட்டார், வோல்டேஜ்

இந்த மூன்றையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். மோட்டாரில் எழுதியிருக்கும் கேவி எண், சுமையில்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும். 2,000 கேவி மோட்டாரை நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில், அதாவது 14.8 வோல்ட்டில் ஓட்டினால், நிமிடத்துக்கு 29,600 சுற்று. 40 மி.மீ. விட்டமும் 1.4 பிட்ச் விகிதமும் (பிட்ச், விட்டத்தைப் போல 1.4 மடங்கு) உள்ள புரொப்பெல்லர், வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. முன்னேறும். இரண்டையும் பெருக்கினால் மணிக்கு 99 கி.மீ. வரும். சுமையால் சுற்று குறைவதும் நீரில் வழுக்கல் ஏற்படுவதும் சேர்ந்து, நன்றாக அமைந்த படகிலும் இதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்குக் கிடைக்கும். அதைவிட மிகக் குறைந்தால் படகில் எங்கோ இழுவை இருக்கிறது.

ஒரே வடிவப் புரொப்பெல்லரின் சக்தித் தேவை, சுற்றுவேகத்தின் மும்மடிக்கும் விட்டத்தின் ஐந்தாம் மடிக்கும் ஏற்ப உயரும் என்பது தோராயமான விதி. 40 மி.மீ.க்குப் பதில் 42 மி.மீ. மாட்டினால் விட்டம் 5 சதவீதம்தான் கூடுகிறது. சக்தித் தேவை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. நான்கு செல்லிலிருந்து ஐந்து செல்லுக்குப் போனால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். முன்பு குளிர்ச்சியாக ஓடிய மோட்டார் திடீரென்று எரிவதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. விட்டத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகத்தான் ஏற்ற வேண்டும்.

உலோகப் புரொப்பெல்லரைக் கூர்தீட்டிச் சமன்செய்த பிறகே மாட்ட வேண்டும். சமன் இல்லாதது தாங்கியைத் தின்றுவிடும். பெரிலியம் கலந்த செம்பில் செய்தவையும் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு. முகக்கவசம் அணிந்து, தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

புதிய மாற்றத்துக்குப் பிறகு முதல் ஓட்டம் 30 விநாடிக்கு மேல் போகக் கூடாது. உடனே கரைக்குக் கொண்டுவந்து மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, இணைப்பு முனைகள் அனைத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரி 60 டிகிரி செல்சியஸை எட்டவே கூடாது. சென்னைக் கோடையில் குளத்து நீரே சூடாக இருப்பதால் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரை நம்பி அளவை மீறக் கூடாது. அந்த நீர் பக்கவாட்டுத் துளை வழியாகப் பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரிய வேண்டும். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் இடையிலான வயரை நீட்டுவதும் தவறு. வயர் நீண்டால் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள் பாதிக்கப்படும்.

திருப்பம்

நேர்கோட்டில் ஓடும் படகு, வளைவில் உருண்டால் பயனில்லை. சுக்கான் பின்சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, கலங்காத நீரில் இறங்கி, ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். இணைப்புக் கம்பியில் அரை மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் முழு வேகத்தில் படகு அலைபாயும். சுக்கானின் திருப்பக் கோணத்தை ரிமோட்டில் குறைத்து வைத்து, வளைவு போதவில்லையென்றால் மட்டும் கூட்டலாம். போட்டிகளில் படகுகள் வலஞ்சுழியாக ஓடுவதால், வழுக்காமல் பிடிக்கும் துடுப்புத் தகடு வலப்பக்கத்தில் பொருத்தப்படுகிறது. அது வளைந்திருந்தால் நேர் ஓட்டத்திலும் பிரேக் போல இழுக்கும்.

ரேடியோவும் பாதுகாப்பும்

நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் காட்டிய ரேடியோ படகும் பேட்டரியில் ஓடியதுதான். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் எளிதில் உறிஞ்சிவிடும். அதனால் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, நிமிர்ந்து நிற்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரை அமைத்து, கரையிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதிக்க வேண்டும். இதைச் செய்யும்போது புரொப்பெல்லர் அருகே கை இருக்கக் கூடாது. மூழ்காதிருக்க உள்ளே மிதவை நுரையும், மூடியைச் சுற்றி டேப்பும் தேவை.

ஓட்டத்துக்குப் பிறகு

உப்பு நீரில் ஓடிய படகை அன்றே நன்னீரில் கழுவி, குளிர்விப்புக் குழாயிலும் நன்னீரைச் செலுத்த வேண்டும். கடலோரக் காற்று படும் வீட்டில், கழுவாத தண்டும் பேரிங்கும் விரைவில் துருவேறும். பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, காற்று, எடைமையம், தாங்கியின் உயரமும் கோணமும், புரொப்பெல்லர், செல் எண்ணிக்கை, ஜிபிஎஸ் காட்டிய வேகம், மோட்டாரின் சூடு ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுத வேண்டும். ஒரு முறைக்கு ஒரே மாற்றம், இரு திசையிலும் ஓட்டி எடுத்த சராசரி வேகம், பலன் இல்லையென்றால் பழைய அளவுக்குத் திரும்புதல்: இந்த மூன்றையும் கடைப்பிடித்தால், எந்த மாற்றம் வேகம் தந்தது, எது பிடிமானம் தந்தது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.