புழுங்கல் அரிசியும் ஒற்றைப்படை எண்களும்

புஞ்சாக் ஆலாம் வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் சாப்பாட்டுப் பழக்கம் எப்படி மாறியிருக்கிறது என்று கல்லூரிப் பாடத்துக்காக ஆய்வு செய்யப் போகிறீர்கள். கேள்விகளை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினால் 300 பதில்களாவது வரும், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வழியில் 3,000 பதில் வந்தாலும் போதாது என்பது என் கருத்து. நம் சிலாங்கூரிலேயே நடந்த ஒரு சோதனையைக் கொண்டு காரணத்தைச் சொல்கிறேன். இங்கே புள்ளியியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூறு வருடங்களுக்கும் மேல் முன்பு மலாயாவைப் பெரிபெரி நோய் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களிடம் அது கொள்ளை நோய் போலப் பரவியிருந்தது. தோட்டத்துத் தமிழருக்கோ அது அபூர்வம். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. அரிசியில்தான் கோளாறு என்றார்.

அவர் கண்ணில் பட்டது உண்மை. ஆனால் அது நிரூபணம் ஆகாது. தமிழரும் சீனரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, தங்குமிடம் வேறு, குழம்பில் போட்ட சாமான் வேறு. இத்தனை வேறுபாடுகளில் எது நோய்க்குக் காரணம் என்பதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பிரித்தறிய முடியாது.

அதைப் பிரித்துக் காட்டியவர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905 டிசம்பரில், அன்று சிலாங்கூரைச் சேர்ந்திருந்த கோலாலம்பூரின் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் மறு கூடத்துக்கு. ஒரு கூடத்துக்குச் சயாம் அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. இடத்தின் கோளாறோ என்ற சந்தேகமும் வரக் கூடாது என்று அடுத்த வருட நடுவில் இரு கூட்டத்தாரையும் கூடம் மாற்றிவிட்டார். சயாம் அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவரும் அந்த நோயால் இறக்கவில்லை. 1907-இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. 'வைட்டமின்' என்ற பெயரே 1912-இல்தான் பிறந்தது. நெல்லைப் புழுக்கும்போது மேல்தோலில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்த செய்தி. காரணப் பொருள் இன்னதென்று தெரியாமலே, காரணம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வரிசை எண்கள் காட்டிவிட்டன.

அந்த நோயாளிகளைச் சம்மதம் கேட்டுச் சோதனையில் சேர்க்கவில்லை. மாற்று அரிசி பக்கத்துக் கூடத்திலேயே இருக்க, 18 பேர் செத்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. இந்தப் பாடத்தைச் சொல்லித் தருபவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். ஃபிளெட்சர் சிலாங்கூர் மக்களிலிருந்து மாதிரி எடுக்கவில்லை. கையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார், அவ்வளவுதான். பிரிப்பில் சாய்வு இல்லாததால் ஒப்பீடு நின்றது. நீங்களோ யாரையும் பிரிக்கவில்லை, பொறுக்கி எடுக்கிறீர்கள். அதனால் உங்கள் ஆய்வின் நேர்மை முழுவதும் அந்தப் பொறுக்குதலில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் நிர்வாகத்தார், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், முன்னாள் மாணவர். இரவு முழுக்க ஜாகா வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் பெரியவர் பதில் போடுவாரா? தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் அம்மா போடுவாரா? எத்தனை ஆயிரம் பதில் வந்தாலும் இவர்கள் வெளியேதான் நிற்பார்கள். சாப்பாட்டுப் பழக்கம் அதிகமாக மாறியிருக்கக் கூடியவர்களும் இவர்களே.

நாட்டின் புள்ளிவிவரத் துறை ஏறக்குறைய 80 முதல் 120 வீடுகள் கொண்ட சிறு வட்டாரங்களாக நிலத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் வட்டாரங்களைக் குலுக்கி எடுப்பார்கள், பிறகு அவற்றுக்குள் வீடுகளை. நீங்களும் சிறிய அளவில் இதைச் செய்யலாம். தாமான் தரை வீடுகள், மலிவு விலை அடுக்குமாடி இரண்டையும் தனித்தனி அடுக்குகளாக வையுங்கள். நடந்து போய், ஒரு தாளில் ஒவ்வொரு வாசலுக்கும் எண் போடுங்கள். முதல் எண்ணைக் குலுக்கலில் எடுத்து, அதிலிருந்து சீரான இடைவெளியில் கதவைத் தட்டுங்கள். தோட்டத்திலிருந்து வராத குடும்பம் என்றால் அதைக் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

இடைவெளியில் ஒரு கண் இருக்கட்டும். ஒரு வரிசையில் பத்து வீடு இருந்து, நீங்களும் பத்தாவது வீடாக எடுத்துக்கொண்டே போனால், குலுக்கலில் ஓர வீடு விழுந்தால் எல்லாமே ஓர வீடாகிவிடும். தாமானில் அவை கார்னர் லாட், கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களுடையவை.

பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். வேறொரு நேரத்தில் திரும்பப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். அப்புறம், தோட்டத்தை விட்டதால்தான் பழக்கம் மாறியது என்று எழுதிவிடாதீர்கள். யார் வெளியேறினார்கள், யார் தங்கினார்கள் என்பதை எந்த வரிசை எண்ணும் தீர்மானிக்கவில்லை. வயதும் வருமானமும் பிள்ளைகளின் படிப்பும் தீர்மானித்தன. மாற்றம் எவ்வளவு என்று சொல்லலாம், காரணம் இதுதான் என்று சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை.

60 வீடுகள் போதும், இப்படி எடுத்தால். எத்தனை கதவுகளைத் தட்டினீர்கள், எத்தனை திறக்கவே இல்லை என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்